ஆக்டிவிட்டி கிட் வேண்டாம், ஆமாம் போட ஓர் ஆள் போதும்

“பிள்ளைக்கு என்ன ஆக்டிவிட்டி கொடுக்கிறீங்க?”

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் முன்பு “நல்லா சாப்பிடுறானா, ராத்திரி தூங்குறானா” என்றுதான் விசாரிப்பார்கள். இப்போது இந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. கேட்டதும் பெற்றவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. இன்ஸ்டாகிராமில் யார் வீட்டுப் பாப்பாவோ சாயம் ஏற்றிய அரிசியைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து அடுக்குகிறது. நம் வீட்டுப் பிள்ளை வாசலில் உட்கார்ந்து அப்பாவின் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறது. நாம் எதையோ கோட்டை விடுகிறோமோ?

இல்லை. செருப்பு மாட்டிக் கழற்றுவதும் அந்த வயதுக்கு உருப்படியான வேலைதான். குழப்பம் எங்கே வருகிறது என்றால், ‘மூளை வளர்ச்சி’, ‘ப்ளே வே மெத்தட்’ (விளையாட்டு வழியாகக் கற்பிப்பது), ‘சென்ஸரி ப்ளே’ (தொட்டும் பார்த்தும் கேட்டும் விளையாடுவது) போன்ற சொற்கள் பள்ளிக்கூட விளம்பரப் பலகையிலிருந்து பொம்மை அட்டைப்பெட்டி வரை எல்லா இடத்திலும் புழங்குகின்றன. அவற்றின் பொருளை யாரும் நின்று விளக்குவதில்லை. விளக்கம் இல்லாத இடத்தில் ஒரு நம்பிக்கை வந்து உட்கார்ந்துவிடுகிறது: குழந்தையை வளர்க்கும் சக்தி பொருளுக்குள் இருக்கிறது, சரியான பொருளை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று. பிறந்ததிலிருந்து 6 வயது வரையிலான பிள்ளைகளை வைத்து, உண்மையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வீட்டில் கிடக்கிற சாமான்களுக்கு அப்புறம் வருவோம்.

## ஒரு சிடி செய்த குழப்பம்

இந்த நம்பிக்கை எப்படிப் பரவுகிறது என்பதற்கு மோசார்ட் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1993-ல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு சின்ன ஆய்வுக் குறிப்பு வந்தது. கல்லூரி மாணவர்கள் 36 பேர். 10 நிமிடம் மோசார்ட்டின் பியானோ இசையைக் கேட்டபின், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பது போன்ற புதிர்களைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார்கள். அந்தக் கூடுதலும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதில் கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை.

அது வாய்க்கு வாய் மாறி, ‘மோசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்’ என்று ஆகிவிட்டது. 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசை சிடி கொடுக்க பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். நம் ஊரிலும் கர்ப்பிணி வயிற்றில் ஹெட்போன் வைக்கும் படம் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாட்டு நல்லது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் சிடி ஓடிக்கொண்டிருக்கும் அறையில் குழந்தையை விட்டுவிட்டு வருவதும், நீங்களே சுருதி பிசகப் பாடித் தொட்டிலை ஆட்டுவதும் ஒன்றல்ல. பின்னதில் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கிறது. நீங்கள் நிறுத்தினால் காலை உதைக்கிறது. உதைத்தால் நீங்கள் திரும்பப் பாடுகிறீர்கள். சங்கதி முழுக்க அந்த உதைப்பில்தான் இருக்கிறது.

## எடுப்பும் தொடுப்பும்

நெல்லை, குமரிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். நடுவில் வில்லடித்துக் கதை சொல்கிறவர் ஒருவர். பக்கத்தில் ஆமாம் போடுகிறவர் ஒருவர். “ராசா வேட்டைக்குப் போனாரு” என்றால் இவர் “ஆமா, வேட்டைக்குப் போனாரு” என்பார். “அங்கே ஒரு மானைக் கண்டாரு” என்றால் “மானா? எப்படிப்பட்ட மானு?” என்று இழுப்பார். கதை அவருடையது இல்லை. ஆனாலும் அவர் எழுந்து போய்விட்டால் கதை நொண்டும். சொல்கிறவருக்குச் சூடு பிறப்பதே அந்த ஆமாமில்தான்.

சின்னக் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் நடுவே நடக்க வேண்டியது இதுதான். கதை சொல்கிற இடத்தில் குழந்தை இருக்கிறது. ஆமாம் போடுகிற இடத்தில் நாம்.

குழந்தை முதலில் செய்வதை எடுப்பு என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பது, விரல் நீட்டுவது, “ங்கா” என்பது, கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பது, எல்லாமே எடுப்பு. அதற்கு நீங்கள் கொடுக்கும் பதில் தொடுப்பு. அது பேச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தை நீட்டிய பக்கம் நீங்களும் திரும்பிப் பார்த்தாலே தொடுப்புதான். பதில் கிடைத்ததும் குழந்தை அடுத்த எடுப்புக்குப் போகும். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாக நீளும் சங்கிலியே குழந்தை வளர்ச்சியின் அடித்தளம் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

## மண்டைக்குள் என்ன நடக்கிறது

மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றோடு சேதி பரிமாறிக்கொள்ளும் இடம் நரம்பிணைப்பு. முதல் சில ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உருவாவதாக அந்த ஹார்வர்டு மையம் கணக்குச் சொல்கிறது. தேவைக்கு அதிகமாகவே உருவாகும். பிறகு, அடிக்கடி பயன்படுகிறவை உறுதிப்படும், சும்மா கிடக்கிறவை மெல்ல நீங்கும். இந்த நீக்கத்துக்குக் கத்தரிப்பு என்று பெயர். எல்லா மூளையிலும் நடப்பதுதான், பயப்பட ஏதுமில்லை. எது தங்குகிறது என்பதுதான் கேள்வி. திரும்பத் திரும்ப நடப்பது தங்குகிறது. எடுப்பும் தொடுப்பும் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கக்கூடியவை. கடையில் வாங்கி வாரம் ஒருமுறை பிரிக்கும் ஆக்டிவிட்டி கிட்டால் அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட வர முடியாது.

பதில் வராவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கும் அவருடைய குழுவினரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அம்மா வழக்கம்போலக் குழந்தையைக் கொஞ்சுகிறார். பிறகு சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வெறுமே பார்த்தபடி இருக்கச் சொல்கிறார்கள். குழந்தை முதலில் சிரித்துக் காட்டும். குரல் கொடுக்கும். பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சோர்ந்துபோகும். பேசவே தெரியாத குழந்தைக்கும் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிகிறது. செல்போனில் ஆழ்ந்திருக்கும் முகமும் குழந்தையின் கண்ணுக்கு ஏறக்குறைய அந்த வெறும் முகம்தான். இதைச் சொல்வது யாரையும் குத்திக்காட்ட அல்ல. நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க எந்தத் தாயாலும் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை.

அதிகம் பேசினால் போதுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வு, வீட்டில் நடக்கும் பேச்சைப் பதிவுசெய்து அலசியது. மொழிக்கான மூளைப்பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதோடு ஒத்துப்போனது, பெரியவர்கள் கொட்டிய சொற்களின் எண்ணிக்கை அல்ல. பேச்சு எத்தனை முறை கைமாறியது என்பதுதான். ஆக, குழந்தை முன்னால் பிரசங்கம் செய்வதில் பலனில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குழந்தை எடுக்கிறது, நாம் தொடுக்கிறோம், அது திரும்பத் திரும்ப நடக்கும்போது மூளையின் இணைப்புகள் உறுதிப்படுகின்றன. பொம்மை என்பது இந்தப் பரிமாற்றத்துக்கு ஒரு சாக்கு. சாக்கு எதுவாகவும் இருக்கலாம்.

## டிவியும்தான் பேசுகிறது

“யூடியூப் பார்த்துத்தான் எங்க பையன் ஏ பி சி டி கத்துக்கிட்டான்” என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஒப்பிக்கக் கற்றிருப்பான், சரி. ஆனால் 2003-ல் பாட்ரிஷியா குல் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் 12 தடவை உட்கார்ந்து கதை வாசித்தார்கள், விளையாடினார்கள். சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பிரித்தறியத் தொடங்கின. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள் அதையே செய்வதை வீடியோவில் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளிடம் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை.

குழந்தை சிரித்தால் திரையில் இருப்பவர் சிரிக்க மாட்டார். விரல் நீட்டினால் திரும்பிப் பார்க்க மாட்டார். எடுப்புக்குத் தொடுப்பு இல்லை.

இதே காரணத்தால் வீடியோ கால் மட்டும் வேறு கணக்கு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அப்பா, “அட, புதுச் சட்டையா? திரும்பு பார்ப்போம்” என்றால், அந்த நொடியில் குழந்தை செய்வதற்குத்தான் பதில் சொல்கிறார். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட நேரடி வீடியோ பேச்சில் புதுச் சொற்களைக் கற்பதும், பதிவுசெய்த வீடியோவில் கற்காததும் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கொடுத்த வழிகாட்டுதல்: இரண்டு வயது முடியும்வரை உட்கார்ந்து திரை பார்ப்பது வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நல்லது.

## கிங்ஸ்டன் நகரத்துப் பழைய டப்பாக்கள்

‘வசதி இருக்கிறவர்கள் வீட்டுக்குத்தான் இதெல்லாம் பொருந்தும்’ என்று தோன்றினால், ஜமைக்காவுக்குப் போக வேண்டும்.

1980-களின் பிற்பாதியில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்ச்சி குன்றியிருந்த 129 குழந்தைகளைச் சாலி கிரந்தாம்-மெக்ரிகர் என்ற மருத்துவரின் குழு தேர்ந்தெடுத்தது. எல்லாரும் 9 முதல் 24 மாதக் குழந்தைகள். சிலருக்குச் சத்துணவு மட்டும். சிலருக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், நம் ஊர் கிராமச் சுகாதாரப் பணியாளர் போன்ற ஒரு பெண் வீட்டுக்கு வருவார். சிலருக்கு இரண்டும். இன்னும் சிலருக்கு இரண்டுமே இல்லை. வருகிறவர் கையில் கடைப் பொம்மை இருக்காது. தூக்கிப்போடும் டப்பா, அட்டை ஆகியவற்றில் செய்த விளையாட்டுச் சாமான்கள்தாம். அதை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாயுடன் சேர்ந்து செய்துகாட்டுவார். சாமானை அங்கேயே விட்டுவிட்டுப் போவார். இரண்டு வருடம் இது நடந்தது.

சுமார் 20 வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. விளையாட்டுச் சந்திப்பு கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்ற குழுவில் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை. உணவு தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பழைய டப்பாவும் பேச்சுத்துணையும் சேர்ந்து எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதுதான் வியப்பு.

நம் நாட்டில் அர்விந்த் குப்தா என்ற பொறியாளர் தீப்பெட்டி, தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், பழைய செய்தித்தாள் ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் செய்துகாட்டியிருக்கிறார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய இணையதளத்தில் செய்முறைகள் எல்லாம் இலவசம். ஆனால் அவற்றைப் பார்த்து நீங்கள் ராத்திரி உட்கார்ந்து ஒட்டி முடித்துக் காலையில் பிள்ளையிடம் கொடுத்தால் பாதிப் பலன் போச்சு. செய்யும்போதே பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும், பசை தரையெல்லாம் ஒட்டினாலும்.

## ஒரு கட்டு முருங்கைக்கீரை

இனி வீட்டுக்கு வருவோம். மூன்று வயதுப் பிள்ளையும் அம்மாவும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறார்கள்.

“அம்மா, பூச்சி!”

“ஆமாடா, பூச்சி. எங்கே போகுது பாரு.”

“மேல போகுது.”

“மேலே போகுதா… அங்கே என்ன இருக்கு?”

“பூ இருக்கு. அது சாப்பிடுமா?”

“சாப்பிடும்னுதான் நினைக்கிறேன். நாம கொஞ்ச நேரம் பார்ப்போமா?”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் பேச்சு ஐந்து தடவை கைமாறிவிட்டது. எடுத்தது பிள்ளை. அம்மா அவன் போன பக்கமே போனார், அவன் வாக்கியத்தை இன்னொரு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார், உறுதியாகத் தெரியாததை ‘நினைக்கிறேன்’ என்றார். “சீ, கையை உதறு, கீரையைப் பாரு” என்றிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். கீரை சீக்கிரம் முடிந்திருக்கும் என்பதும் உண்மைதான். அடுப்பில் குழம்பு கொதிக்கும் நாளில் அப்படித்தான் முடியும், பரவாயில்லை.

இடையில் கைகளைக் கவனியுங்கள். ஈர்க்கின் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இடுக்கிப் பிடித்து, மற்ற கையால் இலையை உருவ வேண்டும். பின்னால் பென்சில் பிடிக்கத் தேவைப்படுவதும் சட்டைப் பொத்தான் போடத் தேவைப்படுவதும் இதே பிடிதான். பட்டாணி உரிப்பது, பூண்டுத் தோல் ஊதுவது, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை வாங்கிப் பாம்பு திரிப்பது எல்லாம் இந்த வகை. பட்டாணியைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே வருகிறது.

துணி மடிக்கும்போது சாக்ஸுக்கு ஜோடி தேடுவதும் அப்படியே. ‘ஒன்றுபோல் இருப்பதைச் சேர்’ என்பது கணக்குப் பாடத்தின் முதல் படி. அரிசிக்குச் சாயம் ஏற்றத் தேவையில்லை.

## சொம்பு, டம்ளர், தண்ணீர்

தண்ணீரைவிட மலிவான, தண்ணீரைவிட நேரம் போவது தெரியாத விளையாட்டுச் சாமான் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மொட்டை மாடியிலோ கொல்லையிலோ ஒரு அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீர். ஒரு சொம்பு, இரண்டு டம்ளர், ஒரு டவரா, ஒரு வடிகட்டி. “இப்படிச் செய்” என்று சொல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றும், வழியும், வழிந்ததைத் திகைத்துப் பார்க்கும். மறுபடி ஊற்றும்போது கை கொஞ்சம் மெதுவாகும். வடிகட்டியில் ஊற்றியது எங்கே போனது என்று தூக்கிக் கீழே பார்க்கும். பாத்திரம் எவ்வளவு கொள்ளும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கை தானே கற்கிறது.

நாலு வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு வேடிக்கை செய்யலாம். ஒரே அளவு டம்ளர் இரண்டில் சமமாக மோர் ஊற்றி, “ரெண்டும் ஒண்ணா?” என்று கேளுங்கள். “ஒண்ணுதான்” என்று வரும். அதன் கண் முன்னாலேயே ஒன்றை டவராவில் மாற்றுங்கள். இப்போது கேட்டால், டம்ளரில்தான் நிறைய இருக்கிறது என்று அடித்துச் சொல்லும். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற அறிவுக்கு அளவு மாறாமை என்று பெயர். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே இதைப் பல குழந்தைகளிடம் செய்துபார்த்து, ஆறேழு வயதை ஒட்டித்தான் இது பிடிபடுகிறது என்று காட்டினார். அதுவரை குழந்தை உயரத்தை மட்டும் பார்க்கிறது. அகலத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க அதற்கு இன்னும் வரவில்லை.

எனவே திருத்தப் போகாதீர்கள். டவரா மோரைப் பழையபடி டம்ளரில் ஊற்றிக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். பிள்ளை முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும். அது போதும். அண்ணன் தம்பி சண்டைக்கும் இதில் ஒரு தந்திரம் இருக்கிறது: “அவனுக்கு மட்டும் நிறைய” என்று அழுகிற தம்பிக்கு அதே ஜூஸை ஒல்லி டம்ளரில் மாற்றிக் கொடுத்தால் வீடு அமைதியாகும். சில வருடம்தான் செல்லுபடியாகும்.

## கல்லா மண்ணா கற்றுக்கொடுப்பது

‘கவனமே இல்லை, சொன்னால் கேட்பதில்லை’ என்று ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் குறை வருகிறது. கவனிப்பதும் காத்திருப்பதும் வெறும் குணம் இல்லை, பழகினால் வரும் திறன். தன்னை நடத்தும் திறன் என்று சொல்லலாம். அதில் மூன்று கூறுகள்: ஒரு விஷயத்தை மனதில் நிறுத்திவைத்துக்கொண்டே வேலை செய்வது, உடனே செய்யத் தோன்றுவதை அடக்கிக்கொள்வது, விதி மாறினால் அதற்கேற்ப மாறிக்கொள்வது.

மூன்றும் சேர்ந்து பயிற்சியாவது எங்கே? தெருவில். கல்லா மண்ணா ஆடும்போது, பிடிக்கிறவர் ‘கல்’ என்றால் கல் தரை அவருடையது, மற்றவர்களுக்கு மண். இந்த ஆட்டத்தில் எது என்று ஞாபகம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஓட ஆசையாக இருந்தாலும் காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். அடுத்த ஆட்டத்தில் ‘மண்’ என்று மாறினால் எல்லாவற்றையும் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். எந்த விதியாக இருந்தாலும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகள் போடும் சண்டையும் பயிற்சிதான்.

வீட்டுக்குள் என்றால், மூன்று நாலு வயதுக்குச் சிலை விளையாட்டு: பாட்டு ஓடும்போது ஆட வேண்டும், நின்றால் அசையாமல் நிற்க வேண்டும். அடக்கிக்கொள்ளும் பயிற்சிக்கு இதற்கு மேல் எளிய வழி இல்லை. கொஞ்சம் பெரியவர்களுக்குப் பல்லாங்குழியும் தாயமும். பாட்டியிடம் தோற்றுப்போய் அழாமல் இருக்கக் கற்பது லேசுப்பட்ட காரியமா?

மறுபடி சுருக்கமாக: கை வேலை விரலைப் பழக்குகிறது. தண்ணீர் அளவைப் பழக்குகிறது. விதி உள்ள விளையாட்டு தன்னை நடத்தப் பழக்குகிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஓடுகிற கயிறு எடுப்பும் தொடுப்பும்.

## பரீட்சை வைக்காதீர்கள்

நல்ல எண்ணம் உள்ள பெற்றோர் தடுக்கி விழும் இடம் இது. குழந்தை ஆசையாகச் சிவப்பு மூடியை உருட்டிக்கொண்டிருக்கும். “இது என்ன கலர்? சொல்லு. ரெட்தானே? ரெட் சொல்லு. மாமாவுக்குச் சொல்லிக்காட்டு.” விளையாட்டு அந்த நிமிடமே வாய்மொழித் தேர்வாகிவிடும். பிள்ளை மூடியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

பதில் தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விக்குப் பதிலாக, பார்த்ததைச் சொல்லுங்கள்: “சிவப்பு மூடி கட்டிலுக்கு அடியிலேயே போயிருச்சே!” நிறத்தின் பெயர் காதில் விழுந்தாயிற்று. அடுத்த எடுப்புக்கு இடமும் விட்டாயிற்று. சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். சின்னக் குழந்தைக்குப் பதில் திரட்ட நேரம் பிடிக்கும். நமக்கு அந்த மௌனம் பொறுக்காமல் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

குழந்தை தானே மும்முரமாக இருந்தால் நுழையவே வேண்டாம். ஆமாம் போடுகிறவர் பாட்டுக்கு நடுவில் பாய மாட்டார். “போரடிக்குது” என்று வந்து நின்றாலும் உடனே ஏதாவது கையில் திணிக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் நாற்காலி பஸ்ஸாகும், நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

## காசு வேண்டாம், கண் வேண்டும்

வீட்டுச் சாமான் என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை எதையும் வாயில்தான் போடும். புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டாணி, கொண்டைக்கடலை, கோலி, வெடித்த பலூன் துண்டு எல்லாம் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. சோழி, புளியங்கொட்டை வைத்து ஆடும் பல்லாங்குழி அந்த வயதுக்கு வேண்டாம்.

ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை ஆகியவற்றில் இருக்கும் வட்டப் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக ஆஸ்பத்திரி. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல்லி உருண்டைகள் ‘சென்ஸரி’ என்ற பெயரில் விற்கின்றன. விழுங்கினால் அவை வயிற்றுக்குள்ளும் பெருக்கும், குடலை அடைக்கும். வாங்காதீர்கள்.

தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. பக்கெட்டில் சில அங்குலம் தண்ணீர் இருந்தாலே, தலைகுப்புற விழும் ஒரு வயதுக் குழந்தையால் எழ முடியாது. சத்தமும் வராது.

## எவ்வளவு நேரம்?

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதுதான் முதல் கேள்வி. தனியாக ‘ஆக்டிவிட்டி டைம்’ ஒதுக்க முடியாவிட்டால் ஒதுக்க வேண்டாம். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, கடைக்குப் போவது, தூங்கவைப்பது என்று எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டை அவசரம் இல்லாமல் செய்தால் போதும். காய்கறிக் கடையில் “எந்தத் தக்காளி எடுக்கலாம்?” என்று ஒன்றைப் பிள்ளையை எடுக்கவிடுங்கள். அழுகியதை எடுத்தாலும் ஒரு தக்காளிதான் போகும். பாட்டியோ அங்கன்வாடி டீச்சரோ நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டால் அவர்களோடு நடக்கும் பரிமாற்றமும் அதே கணக்கில்தான் சேரும்.

ஓட்டத்துக்கு மட்டும் ஓர் அளவு இருக்கிறது. 1 முதல் 4 வயதுப் பிள்ளைகள் நாளெல்லாம் சேர்த்து 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் அல்ல. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மாடிப்படி ஏறி இறங்குவதும் இதில் சேரும்.

## எடுப்பே வராவிட்டால்

சில பிள்ளைகள் பேச்சில் தாமதம், கண்ணிலும் விரலிலும் கெட்டிக்காரர்கள். அவர்கள் எடுப்பு கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். வேறு சிலர், ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் சுட்டிக்காட்டுவதில்லை, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோவதும் உண்டு. “ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று காத்திருக்க வேண்டாம். காது கேட்பதில் குறை இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். குழு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அரசு தலைமை மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்டால் மையத்துக்கு வழிகாட்டுவார்கள். போகும்போது, பிள்ளை வீட்டில் விளையாடுவதை இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள். புது இடத்தில் பயந்து ஒடுங்கியிருக்கும் பிள்ளையைவிட அந்த வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும்.